மெயில் செயலி திடீரென்று முகம் மாறினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிமெயில், அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்றவற்றைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள், அவற்றின் தோற்றம் மாறும்போதெல்லாம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். கணினி பற்றி அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திட்டுவதற்கும் இடம் உண்டு. ஆனால் வேலை கெடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் முதலிடம்.

நான் எதையும் தொடவில்லை. நேற்று இருந்த பட்டன் இன்று எங்கே போனது?

நீங்கள் தொட்டால்தான் மாறும் என்ற காலம் போய்விட்டது. பிரவுசரில் திறக்கும் மெயில் உங்கள் கணினியில் இருப்பதில்லை. நீங்கள் திறக்கும்போது நிறுவனத்தின் சர்வரிலிருந்து இறங்கி வருகிறது. அவர்கள் அங்கே மாற்றினால் இங்கே மாறிவிடும். அதையும் எல்லோருக்கும் ஒரே நாளில் செய்ய மாட்டார்கள். முதலில் கொஞ்சம் பேருக்கு, சிக்கல் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் பேருக்கு என்று வாரக்கணக்கில் பரப்புவார்கள். அதனால்தான் பக்கத்து மேசைக்காரர் திரையில் பழைய பட்டன் இருக்கிறது, உங்கள் திரையில் இல்லை. "எனக்கு நன்றாகத்தானே வருகிறது" என்று அவர் சொன்னதும் உங்கள் கணினி கெட்டுப்போய்விட்டதாக நினைக்க வேண்டாம். பிரவுசரை அழித்து மறுபடி போட்டாலும் பழைய பட்டன் வராது.

கணினியில் நிறுவிய செயலி என்றால், பின்னணியில் ஒரு அப்டேட் ஓடியிருக்கும்.

இப்படி மாற்றிக்கொண்டே இருக்க என்ன காரணம்? சும்மா இருக்க முடியாதா?

காரணங்கள் பல. எல்லாம் ஒரே தரத்தில் இல்லை.

சில நியாயமானவை. தண்டர்பேர்டின் முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. அப்போது எழுதிய அடுக்குகளின் மேலேயே கிட்டத்தட்ட இருபது வருடம் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். ஒரு சின்ன வசதியைச் சேர்ப்பதற்குக்கூட எதையாவது உடைக்க வேண்டிய நிலை வந்ததும், 2023 ஜூலையில் "சூப்பர்நோவா" என்ற பெயரில் 115ஆம் பதிப்பாக முகப்பைப் பெருமளவு திருத்தி எழுதினார்கள். பலருக்கு எரிச்சல் வந்தது, ஆனால் தேவை இருந்தது. போனிலும் கணினியிலும் ஒரே மாதிரித் தோற்றம் வேண்டும், ஒரே செயலியை இரண்டு விதமாகப் பராமரிக்க ஆள் இல்லை என்பதெல்லாம்கூடப் புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

சில உங்களுக்காகச் செய்யப்படுபவையே அல்ல. 2022இல் ஜிமெயிலின் இடது ஓரத்தில் மெயில், சாட் (அரட்டை), மீட் (வீடியோ அழைப்பு) எல்லாம் ஒரே பட்டையில் வந்து உட்கார்ந்தன. மெயில் படிக்க வந்தவருக்கு அதனால் என்ன லாபம்? நிறுவனத்தின் மற்றச் சேவைகள் கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான். அவுட்லுக்கின் இலவசக் கணக்குகளில் மெயில் பட்டியலுக்கு நடுவே மெயில் போலவே விளம்பரம் தெரிவதும் இந்த வகை. திரை அவர்களுக்கு விற்பனை இடம். எங்கே எதை வைப்பது என்ற முடிவில் அந்தக் கணக்கும் இருக்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தவருக்கு அலுவலகத்தில் பெயர் கிடைக்கும். பழையதைக் கெடாமல் காப்பாற்றியவருக்குக் கிடைப்பது அபூர்வம். இது என் அபிப்பிராயம்தான், ஆனால் எந்தத் துறையிலும் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்கள் பழகிக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும்தான் கோபம் வருகிறதா? வயசாகிவிட்டதா?

வயசுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. மெயில் செயலியில் நாம் யோசித்துச் செய்யும் காரியங்கள் கொஞ்சம்தான். பெரும்பாலானவற்றைக் கை தானாகச் செய்கிறது. கண் மடலைப் படித்து முடிப்பதற்குள் மவுஸ் அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். ஒரு நாளைக்கு நூறு மடல் பார்க்கிறவர், மாதம் ஒருமுறை மட்டும் திறக்கும் செயலியில் எந்த மாற்றம் வந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். இதில் ஒரு பட்டன் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் தடுமாறுவார். அதிகம் பயன்படுத்துகிறவர்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்.

இன்னொன்று, மெயிலில் கை தவறினால் விளைவு உண்டு. பதில் பட்டன் இருந்த இடத்தில் "எல்லோருக்கும் பதில்" வந்துவிட்டால், ஒருவருக்கு மட்டும் போக வேண்டியது நாற்பது பேருக்குப் போகும். ஆர்க்கைவ் (மடலை அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கி வைப்பது) இருந்த இடத்துக்கு டெலீட் வந்தால் மடல் குப்பைக்குப் போகும். வெறும் அழகு விஷயம் என்றால் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடலாம்.

தனியாகவும் இல்லை நீங்கள். 2013 அக்டோபரில் யாஹூ மெயில் தன் தோற்றத்தை மாற்றி, பல மடல்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொள்ளும் டேப்களை எடுத்துவிட்டது. அதைத் திருப்பிக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் இணைய மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 2021இல் ஆண்ட்ராய்டுக்கான கே-9 மெயில் புதிய முகத்தோடு வந்தபோது, பழைய பதிப்பை விடமாட்டேன் என்று உட்கார்ந்தவர்கள் ஏராளம். அது திறந்த மூலச் செயலி (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), விளம்பரம் இல்லை, விற்பதற்கு ஒன்றும் இல்லை. அப்படியும் கோபம் வந்தது.

பழைய தோற்றத்துக்குத் திரும்ப முடியுமா?

கொஞ்ச நாளைக்கு முடியும். பெரிய நிறுவனங்களின் நடைமுறை ஏறக்குறைய ஒரே மாதிரி. முதலில் "புதியதை முயன்று பாருங்கள்" என்று ஒரு சுவிட்ச் வரும். அப்புறம் புதியதே இயல்பாகத் திறக்கும், "பழையதற்குத் திரும்பு" என்பது செட்டிங்ஸுக்குள் எங்கோ போய்விடும். கடைசியில் அதுவும் காணாமல் போகும். ஜிமெயிலின் ஒருங்கிணைந்த தோற்றம் 2022 பிப்ரவரியில் விருப்பம் என்ற பெயரில் ஆரம்பித்தது. அதே வருடம் நவம்பரில் திரும்பும் வழி அடைபட்டது. மெதுவான இணைப்பிலும் பழைய கணினியிலும் ஓடிக்கொண்டிருந்த அதன் எளிய எச்டிஎம்எல் தோற்றத்தை 2024 தொடக்கத்தில் நிறுத்தினார்கள். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற பலருக்கு அதுதான் பழகிய வழியாக இருந்தது.

ஆகவே சுவிட்ச் இருக்கும்போதே பயன்படுத்துங்கள், ஆனால் அதை அவகாசமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அவகாசத்தில், வேலை குறைவாக இருக்கும் ஒரு நாளில் புதியதைத் திறந்து, உங்களுக்கு அன்றாடம் வேண்டியவை அதில் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. அவசர மடல் ஒன்று அனுப்ப வேண்டிய நேரத்தில் சுவிட்ச் காணாமல் போனால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு விஷயம். "ஏன் பழையதற்குத் திரும்புகிறீர்கள்" என்று ஒரு பெட்டி கேட்கும். பெரும்பாலோர் மூடிவிடுகிறார்கள். அங்கே இரண்டு வரி எழுதுங்கள். திரும்பிப் போகிறவர்கள் சொல்லும் காரணம் என்று தனியாகச் சேரும் இடம் அது.

ஜிமெயிலை என்னால் மாற்ற முடியாது. இருப்பதையாவது சரிசெய்ய வழி உண்டா?

நிறையவே உண்டு, பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மேலே வலது பக்கம் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்துங்கள். வரிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாகி, திரையில் மடல்கள் குறைவாகத் தெரிகிறதா? அங்கேயே அடர்த்தி என்று மூன்று தேர்வு இருக்கிறது. மிக நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லா அமைப்புகளையும் காட்டும் பக்கத்துக்குப் போனால் என் கண்ணில் மிகப் பயனுள்ள ஒன்று இருக்கிறது. பட்டன்களுக்குப் படத்துக்குப் பதிலாக எழுத்தைக் காட்டு என்று சொல்லலாம். பெட்டிக்குள் அம்புக்குறி, உறைக்குள் புள்ளி என்று ஐகான்களை வைத்துக்கொண்டு எது எதுவென்று ஊகிக்க வேண்டியதில்லை. "ஆர்க்கைவ்", "டெலீட்" என்று வார்த்தையாகவே வரும். வீட்டில் பெரியவர்களின் கணக்கில் முதலில் இதைச் செய்துகொடுங்கள். தொலைபேசியில் வழி சொல்வதற்கும் வசதி. "குப்பைத் தொட்டி மாதிரி ஒன்று தெரியுதா" என்று கேட்கத் தேவையில்லை.

அதே பக்கத்தில் மவுஸைக் கொண்டுபோனதும் மடல் வரிமேல் முளைக்கும் பட்டன்களை நிறுத்தலாம். கைதவறி மடல் காணாமல் போவதற்கு இவைதான் பெரும்பாலும் காரணம். அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரம் 5 நொடியாக இருந்தால் 30 நொடிக்கு ஏற்றுங்கள். பட்டன்கள் இடம் மாறிய வாரத்தில் அது கைகொடுக்கும். சாட், மீட் இரண்டையும் அவற்றுக்கான தாவலில் அணைக்கலாம். ஒரே பேச்சு மடல்களை ஒன்றாகக் கட்டி வைப்பது பிடிக்கவில்லை என்றால் அதையும் அணைக்கலாம். இந்தக் கட்டி வைக்கும் முறை 2004இல் ஜிமெயில் ஆரம்பித்ததிலிருந்தே உண்டு. அணைக்கும் வசதி கிடைத்ததோ 2010இல்தான். ஆறு வருடம் கேட்டுக் கேட்டு வாங்கியது.

கீபோர்டு ஷார்ட்கட்களையும் செட்டிங்ஸில் இயக்கிவிடுங்கள். சி எழுத்தை அழுத்தினால் புதிய மடல், ஆர் அழுத்தினால் பதில், ஏ அழுத்தினால் எல்லோருக்கும் பதில், ஈ அழுத்தினால் ஆர்க்கைவ். கேள்விக்குறி முழுப் பட்டியலையும் காட்டும். பட்டன்கள் எத்தனையோ முறை இடம் மாறிவிட்டன, இந்த எழுத்துகள் பெரும்பாலும் மாறவில்லை. தினமும் நிறைய மெயில் பார்க்கிறவருக்கு, அடுத்த மாற்றத்தின் அடியைத் தாங்க இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியாது.

புதிய அவுட்லுக்குக்கு மாறச் சொல்லி நச்சரிக்கிறது. மாறலாமா?

இங்கே தோற்றம் சின்ன விஷயம். புதிய அவுட்லுக் பழையதற்குப் பெயிண்ட் அடித்தது அல்ல. அது வேறு செயலி, உள்ளே வலைப்பக்கம் ஓடுகிறது. அதனால் சில அடிப்படை வித்தியாசங்கள் உண்டு.

பழைய அவுட்லுக்கோடு இணைந்து ஓடிய காம் வகை ஆட்-இன்கள் (கூடுதல் வசதி தரும் துணைச் செயலிகள்) புதியதில் ஓடாது. அலுவலகத்தின் கணக்கு மென்பொருளோ ஆவண மென்பொருளோ இப்படி இணைந்திருந்தால், மாறிய அன்றே அந்த வேலை நின்றுவிடும். பல வருட மடல்களைப் பிஎஸ்டி கோப்புகளில் (அவுட்லுக் மடல்களைக் கணினியிலேயே சேமிக்கும் கோப்பு வகை) சேர்த்து வைத்திருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கோப்புகளைக் கையாள்வதில் புதியது பழையதற்கு ஈடாகாது. மூன்றாவது, வேறு நிறுவனத்தின் மெயில் கணக்கை ஐமேப் முறையில் (சர்வரில் இருக்கும் மடல்களை எந்தச் செயலியிலும் படிக்க உதவும் பொது முறை) இதில் சேர்த்தால், அந்த மடல்களின் நகல் மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் போகும். சேர்க்கும்போது அறிவிப்பு வரும், நாம் படிக்காமல் சரி என்று அழுத்திவிடுகிறோம்.

அவசரம் ஒன்றுமில்லை. பழைய அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. மேல் மூலையில் இருக்கும் சுவிட்சைத் தொடாமல் விடலாம். விண்டோஸோடு இலவசமாக வந்த மெயில் செயலியைப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் இந்தச் சலுகை இல்லை. அதன் ஆதரவு 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது.

மாறிவிட்டீர்கள், திரும்ப வழியில்லை என்றால், செட்டிங்ஸில் ரிப்பனை (மேலே பட்டன்கள் இருக்கும் பட்டை) பழைய பெரிய வடிவத்துக்கு மாற்றுங்கள், மடல்களை முக்கியமானவை, மற்றவை என்று பிரிக்கும் ஃபோகஸ்டு இன்பாக்ஸை அணைத்துவிடுங்கள், ஷார்ட்கட் பட்டியலில் பழைய அவுட்லுக்கின் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். ஜிமெயிலின் ஷார்ட்கட் தொகுப்புகூட அதில் இருக்கிறது!

தண்டர்பேர்டில் மெனு எங்கே போனது? மடல் பட்டியல் ஏன் அட்டை அட்டையாக இருக்கிறது?

ஆல்ட் விசையை அழுத்துங்கள், மெனு பட்டை வரும். வியூ மெனுவில் டூல்பார்கள் என்பதற்குள் போய் அதை நிரந்தரமாக நிறுத்திவைக்கலாம். மடல் பட்டியலின் மேல் ஓரத்தில் இருக்கும் சின்ன பட்டனில் அட்டையா, அட்டவணையா என்று கேட்கும். அட்டவணையைத் தேர்ந்தால் பழையபடி பத்திகளாக வரும். ஃபோல்டர், பட்டியல், மடல் என்ற மூன்று கட்டங்களும் எப்படி அமைய வேண்டும் என்பது லேஅவுட் மெனுவில். கிளாசிக் என்று இருப்பதுதான் பலர் தேடுவது. மேல் பட்டையில் வலது கிளிக் செய்தால் பட்டன்களைச் சேர்க்கவும் எடுக்கவும் முடியும்.

இவ்வளவு செய்தும் ஒப்பவில்லை என்றால் பெட்டர்பேர்ட் என்று ஒரு கிளைச் செயலி இருக்கிறது. தண்டர்பேர்டின் நீண்ட ஆதரவுப் பதிப்பை எடுத்து, அதில் சில திருத்தங்களைச் செய்து தருகிறார்கள்.

ஐபோன் மெயில் செயலி மடல்களை வகை பிரித்து மறைக்கிறதே?

2024 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 18.2இல் ஆரம்பித்தது. இன்பாக்ஸின் மேல் வலது மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, பட்டியல் தோற்றம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வகைகள் போய்விடும்.

அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன?

வேண்டாம். மெயில் செயலி என்பது முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் எதையும் திறந்து காட்டும் செயலி. பாதுகாப்பு ஓட்டை அடைபடாமல் இருந்தால் முதலில் அடிபடுவது அதுதான். என்னைக் கேட்டால், தோற்ற மாற்றத்தையும் பாதுகாப்புத் திருத்தத்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுப்பதுதான் இந்தத் துறையின் பெரிய அநியாயம். முகம் மாறுவது பிடிக்காதவர் அப்டேட்டை நிறுத்துகிறார், கதவும் திறந்தபடியே கிடக்கிறது.

இரண்டையும் பிரித்துத் தரும் செயலியைத் தேடுங்கள். தண்டர்பேர்டின் நீண்ட ஆதரவுப் பதிப்பில் பெரிய மாற்றங்கள் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். 2025இலிருந்து அவர்கள் தளத்தில் முதலில் கண்ணில் படுவது மாதாமாதம் மாறும் பதிப்பு. அதனால் தரவிறக்கும்போது எந்தப் பதிப்பு என்று பார்த்து எடுங்கள்.

பழைய பதிப்பைத் தேடிப் பிடித்து நிறுவினேன். மடல்கள் எல்லாம் போய்விட்டன!

போகவில்லை, பதற வேண்டாம். தண்டர்பேர்ட் உங்கள் மடல்களையும் அமைப்புகளையும் புரொஃபைல் என்ற ஃபோல்டரில் வைக்கிறது. புதிய பதிப்பு ஒருமுறை திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். புதிதாக ஒன்றை உருவாக்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொன்னால் காலி இன்பாக்ஸோடு திறக்கும். பழைய புரொஃபைல் அதே இடத்தில் பத்திரமாக இருக்கிறது. புதிய பதிப்பை மறுபடி நிறுவி, பழைய புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் வந்துவிடும். இனிமேல் பெரிய அப்டேட்டுக்கு முன் அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வையுங்கள்.

பேசாமல் வேறு செயலிக்கு மாறிவிடலாமா? முகவரி மாறிவிடுமா?

முகவரி மாறாது. இதுதான் மின்னஞ்சலின் பெரிய பலம், பலருக்குத் தெரிவதில்லை. மடல் அனுப்பும் எஸ்எம்டிபி 1982இல் வகுக்கப்பட்டது. எடுத்துப் படிக்கும் பாப் 1984இல் வந்தது, ஐமேப் 1986இல். இவை எந்த நிறுவனத்தின் சொத்தும் அல்ல, யாரும் பயன்படுத்தக்கூடிய பொது விதிகள். அதனால்தான் ஜிமெயில் முகவரியை ஜிமெயில் பக்கத்துக்கே போகாமல் வருடக்கணக்கில் பயன்படுத்த முடிகிறது. முகப்பு பிடிக்கவில்லை என்றால் முகப்பை மட்டும் மாற்றலாம். அரட்டைச் செயலிகளில் இந்தச் சுதந்திரம் பெரும்பாலும் கிடையாது.

ஐமேப்பில் இணைத்தால் மடல்கள் சர்வரிலேயே இருக்கும். இரண்டு செயலிகளையும் கொஞ்ச நாள் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஜிமெயில் லேபிள்கள் மற்றச் செயலிகளில் ஃபோல்டர்களாகத் தெரியும். மூன்று லேபிள் ஒட்டிய மடல் மூன்று இடத்தில் இருப்பதுபோல் தெரியும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மிகப் பழைய செயலிகள் உள்ளேயே நுழையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் பாஸ்வேர்டு கொடுத்து நுழைவதைத் தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே மாதத்திலும், மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரிலும் நிறுத்தின. ஓஆத் என்ற நுழைவு முறை (பாஸ்வேர்டைச் செயலியிடம் கொடுக்காமல், நிறுவனத்தின் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி தருவது) தெரிந்த செயலியாகப் பார்த்து எடுங்கள். 2006இல் கடைசிப் பதிப்பு கண்ட யூடோராவை இன்னும் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு அது நேரடியாக உதவாது.

புகார் எழுதினால் யாராவது படிப்பார்களா?

"படுமோசம், பழையதைக் கொண்டு வாருங்கள்" என்று எழுதினால் ஆயிரத்தில் ஒன்றாகக் கணக்கில் சேரும். எந்த வேலை கெட்டது என்று எழுதினால் மதிப்பு கூடும். "முன்பு ஒரு கிளிக்கில் மடலை ஃபோல்டருக்கு நகர்த்தினேன், இப்போது மூன்று கிளிக், நடுவில் ஒரு மெனு திறந்து பட்டியலை மறைக்கிறது" என்று எழுதுவதை ஒரு பொறியாளர் சோதித்துப் பார்க்க முடியும். பதிப்பு எண், ஸ்கிரீன்ஷாட் (திரையின் படம்) இரண்டையும் சேருங்கள். படத்தில் மடல்களில் தெரியும் பெயர்களை மறைத்துவிடுங்கள். பார்வைக் குறைபாடோ கைநடுக்கமோ இருந்து அதனால் பயன்படுத்த முடியவில்லை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் அணுகல்தன்மைக் குறைகளுக்குத் தனி வழி இருக்கிறது.

திறந்த மூலச் செயலி என்றால் பொதுவான பிழைப் பதிவேட்டில் தேடுங்கள். உங்கள் குறையை யாராவது ஏற்கெனவே எழுதியிருந்தால் அதற்கு ஆதரவு சேருங்கள், புதிதாக ஒன்று திறக்க வேண்டாம். எழுதும்போது ஆளைத் திட்ட வேண்டாம். மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் அந்த ஐகானைத் தேர்ந்தெடுத்தவராக இருக்க மாட்டார்.

நான் மாறிப்போன புதிய செயலியும் நாளைக்கு முகம் மாறினால்?

மாறும். அதற்கு ஏற்றபடி இன்றே கொஞ்சம் ஏற்பாடு செய்துகொள்ளலாம். மடல்களை வகைபிரிக்கும் ஃபில்டர்களைச் செயலிக்குள் எழுதாமல் சர்வரில் எழுதுங்கள். தண்டர்பேர்டில் எழுதிய ஃபில்டர் அந்தக் கணினியிலேயே கிடக்கும், ஜிமெயில் வலைப்பக்கத்தில் எழுதியது எந்தச் செயலியில் திறந்தாலும் வேலை செய்யும். முகவரிப் புத்தகத்தை விகார்டு (முகவரிகளுக்கான பொது வடிவம்) கோப்பாக எடுத்து வையுங்கள். கூகுள் டேக்அவுட்டில் மொத்த மடல்களையும் எம்பாக்ஸ் கோப்பாக இறக்கலாம். அது பல செயலிகள் படிக்கும் பழைய எளிய வடிவம். கையொப்ப வாசகத்தையும் அடிக்கடி அனுப்பும் வாடிக்கைப் பதில்களையும் தனியாக ஒரு உரைக் கோப்பில் சேமியுங்கள். இடம் மாறும்போது எல்லோரும் மறப்பது அவற்றைத்தான்.